சாரணர் கூட்டம்: கோடையிலும் தொடரலாமா, நிறுத்தி வைக்கலாமா?

விடுமுறை நெருங்கினாலே சாரணர் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். இரண்டையும் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கைப்பழக்கம்
தொடர்ந்தால்: கற்றது கையில் நிற்கும்.
நிறுத்தினால்: மறந்துபோகும். இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு குட்டிப் பையன், கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி, வலது மேலா இடது மேலா என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன்!

வருகை
தொடர்ந்தால்: பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், அணி விளையாட்டு நடக்காது.
நிறுத்தினால்: அந்தக் கவலை இல்லை. ஆனால் சிலர் திரும்பி வருவதே இல்லை.

பொறுப்பாளர்கள்
தொடர்ந்தால்: களைப்பு.
நிறுத்தினால்: ஓய்வு. சம்பளம் வாங்காமல் உழைப்பவர்களுக்கு அது அவசியம்.

வெளிப்புறப் பயிற்சி
இதில் தொடர்வதற்கே என் ஓட்டு. 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமே கோடை முகாம்தான். நேரமும் நீண்ட பகலும் வேறு எப்போது கிடைக்கும்?

சரி, யாருக்கு எது? பொறுப்பாளர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால், வாராவாரம் வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியில் கூடுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறார் என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். அப்புறம், பள்ளி திறக்கும் முன் ஒருநாள் நடைப்பயணம் மட்டும் வைத்துவிடுங்கள்.