லைசன்ஸ் இருந்தும் வெளியூரில ஓடப் பயமா? கோண்டாவில் பக்க லேனர்ஸ் (வாகனம் ஓடப் பழக்கிற இடம்) ஒண்டைப் பற்றி

யாழ்ப்பாணத்தில லைசன்ஸ் எடுத்த கனபேர் இஞ்ச வடிவா ஓடுவினம், கொழும்புக்குப் போனா ஸ்டியரிங்கைத் தொடமாட்டினம். கோண்டாவில் பக்கம் ஒரு லேனர்ஸில அப்பிடியான ஆக்களுக்கெண்டு தனியா பழக்கினம், நான் போய் முடிச்சிட்டன், அதுதான் எழுதுறன். பழக்கிற அண்ணை முந்தி யாழ்ப்பாணம் கொழும்பு வான் ஓடினவர்.

எங்கட ஒழுங்கையளில ரெண்டு பக்கமும் மதில், உள்ளுக்கால சைக்கிள் வருதோ ஆள் வருதோ தெரியாது, அதால முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிச்சுப் பழகிட்டம், இஞ்ச அது தேவைதான். கொழும்பில காலிக்குப் போற காலி வீதியில அதே மாதிரி அடிச்சா ஒருத்தரும் விலகாயினம். அங்க பஸ் ஹோல்ட்டில இருந்து வெளிய எடுத்தா எடுத்ததுதான், ஓட்டோ இடப்பக்கத்தால நுழையும், அதால இடப்பக்கக் கண்ணாடியைப் பாக்கச் சொல்லி விடாம சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனா ஆக்கள் றோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டில ஆள் கால் வச்சா கொழும்பில கூட நிப்பாட்டுவாங்கள், எங்கட பெடியள் அதைப் பழகினா எவ்வளவு நல்லம்.

லண்டனில இருந்து வாற ஆக்கள் லைட் விசயத்தைக் கட்டாயம் கேட்டு வையுங்கோ. அங்க எதிர்ல வாறவன் லைட் அடிச்சா உங்களைப் போக விடுறான், இலங்கையில லைட் அடிச்சா நான் வாறன் நீ நில் எண்டு அர்த்தம், இது தெரியாம திருப்பினா நேர மோதல்தான். கனடா, பிரான்ஸ் ஆக்களுக்கு றோட்டுப் பக்கமும் மாறும், வாகனம் நிறைய நிண்டா முன்னால போறதைப் பாத்துப் போயிடலாம், வெறும் றோட்டில திரும்பேக்கதான் கை தானா வலப்பக்கம் போகும்.

எனக்கு ஏ9, அதான் யாழ்ப்பாணம் கண்டி றோட்டில ஓடிப் பழகின வகுப்புத்தான் பெறுமதி. ஆனையிறவு தாண்டினா நேர் றோட்டு, லிமிட் 70 எண்டாலும் வேகம் ஏறுறதே தெரியாது. இரவில மாங்குளம் பக்கம் மாடு றோட்டில படுத்துக் கிடக்கும், கறுப்பு மாடெண்டா கிட்டப் போகும்வரை தார் நிறம்தான், எதிர் லைட் கண்ணில அடிச்ச உடன காலை எடுத்திடோணும். முறிகண்டியில நீங்கள் நிக்காட்டியும் ஸ்லோ பண்ணுங்கோ, முன்னால போற பஸ் பிள்ளையாருக்கெண்டு சட்டெண்டு ஓரங்கட்டும், கச்சான் வாங்க ஆக்கள் குறுக்கால வருவினம். லொறிக்காரர் இடப்பக்க சிக்னல் போட்டு முந்தச் சொல்லுவினம், அதுக்கு அண்ணை, "தம்பி, அவர் காட்டுறார் எண்டு எடுக்காதையும், உம்மட கண்ணால றோட்டைக் கண்டாப் பிறகு எடும்" எண்டார்.

குறையும் இருக்கு. கண்டிக்குப் போற வழியில இருக்கிற கடுகண்ணாவை ஏத்தத்தில நிண்டு எடுக்கிறது எப்பிடி எண்டு பழக யாழ்ப்பாணத்தில எங்க ஏத்தம்? ஒரு பாலத்தடியில கிளட்சைப் பாதியில பிடிச்சு எடுக்கிற ஹாஃப் கிளட்ச் காட்டினார், காணாது. இறக்கத்தில நியூட்ரல்ல விடாம சின்னக் கியரில இறங்குறதும் வாயால சொன்னதோட சரி. கண்டிப் பக்கம் ஓடப் போற ஆக்கள் இதை மட்டும் நம்பிப் போகாதேங்கோ. ஓட்டோ கியர் கார் இல்ல, ஏசியும் சரியில்ல, காலமை நேரமாக் கேளுங்கோ. ஏ9 போறதெண்டா பெற்றோல் காசு வேற. பள்ளிக்கூட லீவில இடம் கிடைக்காது, நம்பர் வேணுமெண்டா இன்பொக்ஸில வாங்கோ.