ஆட்டு ரோமம், அல்பாக்கா: ஆறு வருட ராட்டை அனுபவம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் ஒரு பழைய ராட்டை வாங்கினேன். ஆஷ்ஃபோர்ட் டிரடிஷனல், பக்கத்து ஊரான ஆஷ்பர்ட்டனில் 1934-இல் தொடங்கிய கம்பெனியுடையது. 56 சென்டிமீட்டர் மரச்சக்கரம், காலால் மிதிக்க ஒரு பலகை. ஆறு வருடத்தில் கயிற்றை இரண்டு முறை மாற்றினேன், அவ்வப்போது சொட்டு எண்ணெய் விட்டேன். ராட்டை அது பாட்டுக்கு ஓடுகிறது. பாடெல்லாம் ரோமத்தோடுதான்.

ஆட்டு ரோமத்தில் நான் வாங்குவது காரிடேல். மெரினோ, லிங்கன் என்ற இரண்டு ஆட்டு இனங்களைக் கலந்து நியூசிலாந்தில் உருவான இனம். இழை நீளம், நல்ல நெளிவு, பழகாத கைக்கும் அடங்கும். ஆனால் ஒரே பிசுக்கு. அது கழல 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் பாத்திர சோப்பு விட்டு, கால் மணி நேரம் சும்மா ஊறவிட வேண்டும். ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்கு திரும்ப ஒட்டிக்கொள்ளும். அந்தச் 'சும்மா'தான் கஷ்டம். முதல் தடவை துணி துவைப்பதுபோல் கும்மி, குழாய்த் தண்ணீரில் அலசினேன். முக்கால் கிலோவும் கெட்டிப்பட்டுப் பாய் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அதில் பூனை படுக்கிறது.

அல்பாக்கா, ஒட்டக வகையைச் சேர்ந்த தென் அமெரிக்கப் பிராணி. அதன் ரோமத்தில் பிசுக்கு மிகக் குறைவு. கழுவுவது சுலபம் என்று நினைத்து ஏமாந்தேன். மண்ணில் புரளும் பிராணி அது. கம்பி வலையில் போட்டு உதறினால் அடியில் கை நிறையப் புழுதி. மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியில் வைத்து உதறுங்கள். கம்பிப் பல் பலகையில் வாரும்போது இழைகள் சிலிர்த்து விரலில் ஒட்டும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடங்கும்.

பள்ளியில் தக்ளியில் பஞ்சு நூற்ற கை என்னுடையது. பஞ்சுக்கு நிறைய முறுக்கு வேண்டும். அந்தப் பழக்கத்தில் நூற்ற முதல் கம்பளி நூல் தேங்காய்நார்க் கயிறாக வந்தது. வழுக்கும் அல்பாக்காவுக்கோ அந்தக் கை கொஞ்சம் உதவியது. முறுக்கு போதாவிட்டால் இழை பிரிந்து நழுவிவிடும்.

அப்புறம் ஸ்வெட்டர் கதை. சுத்த அல்பாக்காவில் இருபுரி நூல் 600 கிராம் நூற்றுப் பின்னினேன். அவ்வளவு மெத்து, அவ்வளவு கதகதப்பு. ஆனால் இழுத்தால் சுருங்கி மீளும் குணம் ஆட்டு ரோமத்துக்கு உள்ள அளவு அதற்கு இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் இடுப்பில் நின்றது தொடைக்கு இறங்கிவிட்டது. வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா, "என்னடி இது, ஸ்வெட்டரா நைட்டியா?" என்றாள்.

அன்றிலிருந்து ஸ்வெட்டருக்கு ஏழு பங்கு காரிடேல், மூன்று பங்கு அல்பாக்கா, வாரும்போதே கலந்துவிடுவேன். நான்கு வருடமாக ஒன்று அளவு மாறாமல் இருக்கிறது. சால்வை, கழுத்துத் துண்டுக்குச் சுத்த அல்பாக்காவே நல்லது, தொங்கினால்தான் அழகு.

ஒரு ஸ்வெட்டருக்கான நூல் எனக்கு மூன்று மாத வாரக்கடைசிகளைத் தின்கிறது. அதில் பாதிக்கு மேல் கழுவலும் வாரலும்தான். நூற்பது மட்டும் பிடிக்கும் என்பவர்கள் வாரிய ரோமமாகவே வாங்கிவிடலாம். காரிடேலை நான் இன்னும் கழுவாத பச்சை ரோமமாகத்தான் வாங்குகிறேன். அல்பாக்காவை, விற்பவர் என் கண்முன் உதறிக் காட்டினால் மட்டும்.