குறைமாதக் குழந்தைக்குச் சிறுநீரில் பூஞ்சைத் தொற்று: தீவிர சிகிச்சைப் பிரிவில் 61 நாட்கள்

27-ஆம் வாரத்தில் 920 கிராம் எடையுடன் பிறந்த எங்கள் மகளை மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 61 நாட்கள் வைத்திருந்தோம். அங்கே கிடைத்த கவனிப்பைப் பற்றியே இந்த மதிப்பீடு.

18-ஆம் நாள் அவளுக்குப் பால் செரிக்கவில்லை. மூச்சு அடிக்கடி நின்றது. இரத்தத் தட்டணுக்களும் குறைந்தன. ஒட்டுப்பையில் பிடித்த சிறுநீரில் பூஞ்சை தெரிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவர் அதை மட்டும் நம்பவில்லை. தோலில் உள்ள கிருமியும் பையில் கலந்துவிடும் என்பதால், செவிலியர் கையுறை மாற்றி, கிருமிநாசினியால் துடைத்து, நூல் போன்ற மெல்லிய குழாயைச் செலுத்திச் சில சொட்டுச் சிறுநீர் எடுத்ததைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அதிலும் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் எதுவும் வளரவில்லை என்றாலும், இவ்வளவு சிறிய குழந்தைக்குச் சிறுநீரில் பூஞ்சை இருந்தால் உடலெங்கும் பரவியிருக்கலாம் என்றே எண்ண வேண்டும் என்று விளக்கி, தண்டுவட நீர், கண், இதயம் ஆகியவற்றையும் பரிசோதித்தார்கள். மருந்து ஏற்றப் பெரிய இரத்தநாளத்தில் செலுத்தியிருந்த மையச் சிரைக் குழாயையும் அன்றே அகற்றினார்கள்.

ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உப்புநீரில் அல்லாமல் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில் கலந்து மெதுவாக ஏற்றினார்கள். இரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் விடாமல் கவனித்தார்கள். புதிய மருந்துகள் இருக்க இது எதற்கு என்று என் கணவர் கேட்டபோது, காஸ்போஃபஞ்சின் போன்றவை சிறுநீரில் போதிய அளவு சேர்வதில்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னார் மருத்துவர். அந்தப் பொறுமைக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

குறையும் உண்டு. சிறுநீரகத்தில் பூஞ்சை உருண்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஸ்கேன், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாததால் மறுநாள் மதியம்தான் நடந்தது. நல்லவேளையாக அடைப்பு இல்லை; ஆனாலும் அந்த ஒன்றரை நாள் காத்திருப்பை எந்தத் தாய்க்கும் தரக் கூடாது. பூஞ்சைத் தொற்று அதிகம் வரும் பிரிவுகளில் 1000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஃப்ளூகோனசோலைத் தடுப்பு மருந்தாக வாரம் இருமுறை கொடுக்கும் வழக்கம் உண்டு. அதைப் பற்றி எங்களிடம் முன்கூட்டியே யாரும் பேசவில்லை. செலவு விவரமும் கேட்டால்தான் கிடைத்தது.

கைகழுவும் ஒழுங்கில் மட்டும் எவருக்கும் சலுகை கிடையாது. வளையலைக் கழற்றி முழங்கை வரை கழுவாமல் பெற்ற தாயையும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தையை அங்கே சேர்ப்பவர்கள், விடுமுறை நாளில் ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பாரா என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.