புத்தகம் போட முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: பழந்துப்பாக்கிப் புத்தகத்தில் நான் இழந்த 74,000 ரூபாய்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எழுதியவரிடம் பணம் வாங்கிப் புத்தகம் போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில் 74,000 ரூபாய் கட்டி, பதினான்கு மாதம் காத்திருந்து, 200 பிரதிகள் வீட்டுக்கு வந்தன. அதில் ஒன்றைக்கூட நிம்மதியாக யார் கையிலும் கொடுக்க முடியவில்லை. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஆனால் இதே மாதிரி பேசிப் பணம் வாங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று புகார் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய துப்பாக்கிகள் மேல் ஆசை வந்தது சின்ன வயதில், தேவனாம்பட்டினம் கோட்டை இடிபாட்டைச் சுற்றித் திரிந்த காலத்தில். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுக்கு என்று எல்லை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரின் எல்லையையே ஒரு பீரங்கிதான் வரைந்தது என்று அப்பா சொன்னதை நான் மறக்கவே இல்லை. அப்புறம் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்ததும், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததும், 1783-இல் கடலூர் முற்றுகையும் என்று படிக்கப் படிக்க, அந்தச் சிப்பாய்கள் தோளில் சுமந்த துப்பாக்கி எப்படி இருந்தது என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

பதினோரு வருடம் குறிப்பு எடுத்தேன். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டை அருங்காட்சியகம் என்று போய்ப் பார்த்தேன். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டில் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை, இனி எந்தப் பழுதுபார்ப்பிலும் சுட முடியாத நிலையில் இருந்ததை, அந்த வீட்டு அம்மா எடுத்துக் காட்டினார்கள். (அப்படிச் சுடவே முடியாத பழம்பொருளுக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. இதற்காகவே புத்தகத்தில் ஒரு அத்தியாயம் வைத்திருந்தேன், ஏனென்றால் பயந்துபோய் பரணில் இருப்பதைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.)

புத்தகத்தின் உயிரே படங்கள்தான். சிக்கிமுக்கித் துப்பாக்கியின் (கல் உரசி வரும் பொறியால் சுடும் பழைய வகை) பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும் சின்னச் சின்னக் குறிகளை எப்படிப் படிப்பது என்பதைத்தான் சொல்ல வந்தேன். கம்பெனித் துப்பாக்கியில் நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதற்குள் எழுத்துகளும் இருக்கும். பிற்காலத்தில் அந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்துவிடும். பிரெஞ்சுத் துப்பாக்கியில் ஷார்ல்வில், செயின்ட் எத்தியேன் என்று ஆயுதச்சாலையின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். இதெல்லாம் நகத்தளவு எழுத்து. படம் தெளிவாக இல்லையென்றால் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. இதை முதல் நாளே அவர்களிடம் சொன்னேன். "கவலையே படாதீங்க சார், படத்துக்கு ஆர்ட் பேப்பர், மீதிக்கு நேச்சுரல் ஷேட், நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் பேசிய தம்பி. ஆர்ட் பேப்பர் என்றால் வழுவழுப்பான தாள், நேச்சுரல் ஷேட் என்றால் லேசாக மஞ்சளான தாள். விலைப்பட்டியலிலும் 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஆர்ட் பேப்பரில் 32 பக்கம் என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் முழுப் பணத்தையும் இரண்டு தவணையில் கட்டினேன்.

முதல் இடி மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் நகலில் விழுந்தது. "எடிட்டிங்" என்று தனியாக 9,000 ரூபாய் வாங்கினார்கள். என் தட்டச்சு பழைய எழுத்துருவில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றும்போது தசமப் புள்ளிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. ஷார்ல்வில் துப்பாக்கியின் குழல் விட்டம் 17.5 மில்லிமீட்டர், அது 175 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. 175 என்பது பெரிய பீரங்கியின் வாய். இன்னொன்று இதைவிட வேதனை. கல்லைக் கவ்விக்கொண்டு இருக்கும் பாகத்துக்குக் குதிரை என்றும், விரலால் இழுப்பதற்கு விசை என்றும் புத்தகம் முழுக்கப் பிரித்து எழுதியிருந்தேன். யாரோ உட்கார்ந்து எல்லாக் குதிரையையும் விசை என்று மாற்றிவிட்டார்கள். குதிரை கீழே பாய்ந்து, கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணியில் இருக்கும் கரிமருந்தில் விழுந்து, துளை வழியாக நெருப்பு உள்ளே போகிறது. இந்த வரிசையை விளக்கிய மூன்று பக்கமும் அர்த்தமே இல்லாமல் ஆகிவிட்டது.

212 திருத்தம் குறித்து, பக்க எண்ணோடு அனுப்பினேன். "48 மணி நேரத்தில் ஒப்புதல் தராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கருதப்படும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்ததால் இரண்டு இரவு தூங்காமல் முடித்தேன். எல்லாம் செய்தாயிற்று என்று பதில் வந்தது. திருத்திய கோப்பைக் காட்டுங்கள் என்று கேட்டேன், அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

பெட்டிகள் வந்த அன்று காலை பிரித்தேன். திருத்தத்துக்கு முந்தைய கோப்புதான் அச்சாகியிருந்தது. அட்டையில் நவீன ராணுவத் துப்பாக்கியின் படம். ஆர்ட் பேப்பர் ஒரு தாள்கூட இல்லை, படங்கள் எல்லாம் அதே 70 ஜிஎஸ்எம் மஞ்சள் தாளில், பின்பக்க எழுத்து முன்னால் தெரிய. அந்த இதயக் குறி ஒரு கரிய திட்டாக இருந்தது. நான் பென்டிரைவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் கொடுத்த மூலப்படங்களை அவர்கள் திறக்கவே இல்லை. ஆரம்பத்தில் மாதிரிக்கு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றை எடுத்துப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். ஷார்ல்வில் படத்துக்குக் கீழே "1853 மாதிரி என்ஃபீல்டு" என்று இருக்கிறது, ஒன்று சிக்கிமுக்கிக் கல், இன்னொன்று கேப்பு (தட்டினால் வெடிக்கும் சின்ன மூடி) வைத்துச் சுடுவது, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நான்கு முறை விரித்ததும் முதுகுப் பசை விட்டு நடுப்பக்கங்கள் கையோடு வந்தன. அந்த வீட்டு அம்மாவுக்கு முதல் பிரதி தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்றுவரை புதுச்சேரிக்குப் போகவில்லை.

இனி பணம் எதற்கெல்லாம் போனது என்று சொல்கிறேன். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 4,000 ரூபாய் வாங்கினார்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தனி எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வாங்கியதோ தங்கள் பெயரில், ஆகவே பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். "நூலக சமர்ப்பிப்பு" என்று 3,500 ரூபாய். வெளியான புத்தகத்தை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்புவது 1954 சட்டப்படி பதிப்பாளர் தன் செலவில் செய்ய வேண்டிய கடமை, அதற்கு என்னிடம் எதற்குக் காசு? விளம்பரத்துக்கு 12,000. தலைப்பில் துப்பாக்கி என்று இருப்பதால் விளம்பரத்தை ஏற்கவில்லை என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னார்கள், பணத்தைத் திருப்பித் தரவில்லை.

சரி, கோப்பையாவது கொடுங்கள், புதுச்சேரியில் வேறு அச்சகத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பக்க வடிவமைப்புக் கோப்பு அவர்களுடையது, வேண்டுமென்றால் 15,000 கட்ட வேண்டுமாம். "உரிமை முழுவதும் உங்களுக்கே" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில் இதை வைத்திருந்தார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். எழுத்தின் மேல் உள்ள பதிப்புரிமை மட்டும் போகவில்லை, ஏனென்றால் அதை நான் எழுத்தில் ஒப்படைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் உரிமையை மாற்றித் தருவதாக ஒரு வரி இருந்தால் எத்தனை வருடத்துக்கு என்று கட்டாயம் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது ஐந்து வருடம்.

என்னைப் போல முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிடாதீர்கள். ஒரே ஒரு பிரதியை, சொன்ன தாளில், சொன்ன கட்டில் அச்சிட்டுக் கையில் தரச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு கடைசித் தவணை. டிஜிட்டலில் ஒரு பிரதி அடிப்பது பெரிய வேலையே இல்லை, மறுக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படம் உள்ள புத்தகம் என்றால் ஆர்ட் பேப்பருக்கு வெறும் பசை போதுமா, தையல் வேண்டுமா என்று கேளுங்கள். வடிவமைப்புக் கோப்பு யாருக்கு என்பதை ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலில் போட்டு வையுங்கள், ஆர்ட் பேப்பர் விஷயத்தில் என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த விலைப்பட்டியல்தான்.

1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் பேசிப் பலன் இல்லாமல், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. "விற்க அச்சிட்டவர் நுகர்வோர் அல்ல" என்று அவர்கள் வாதாடுவார்கள் என வழக்கறிஞர் சொன்னார். பொழுதுபோக்காக 200 பிரதி போட்டவன் வியாபாரி ஆகிவிடுவானா? வரவு செலவுக் கணக்கு முழுவதையும் இணைத்திருக்கிறேன்.

பெட்டி பிரிப்பதற்கு முன்பே முன்பதிவு செய்து, தபாலில் பிரதி போய்ச் சேர்ந்த 31 பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். திருத்தத் தாள் எட்டுப் பக்கம் தயார் செய்துவிட்டேன், எல்லோருக்கும் தபாலில் வரும். அதுவரை 61-ஆம் பக்கத்தில் 175 என்பதை 17.5 என்று பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள், 64 முதல் 66 வரை கல்லைக் கவ்வும் இடத்தில் விசை என்று வந்தால் குதிரை என்று படியுங்கள்.