நாட்டுக்குத் தடையா, சரக்குக்குச் சான்றா: இறாலும் பாமாயிலும்

சுற்றுச்சூழலின் பேரால் இறக்குமதிக்கு நிபந்தனை விதிக்கும் நாடுகளில் அமெரிக்கா கடல் இறாலுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டையே எடைபோடுகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ பாமாயிலுக்கு ஒவ்வொரு சரக்கும் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்கிறது. இராமநாதபுரம் கரையின் மீனவருக்கும் கடலுக்கும் இரண்டில் எது நல்லது என்று பார்த்தால், பின்னதே என்பது என் முடிவு. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு.

கடலாமைக்குத் தீங்கு செய்யும் முறையில் பிடித்த இறாலை அமெரிக்காவின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 609-ஆவது பிரிவு தடுக்கிறது. இழுவலையில் ஆமை விலக்கு சாதனம் என்ற கம்பிச் சட்டம் இருந்தால், கம்பிகளின் இடைவெளியில் இறால் வலையின் மடிக்குள் போய்விடும். ஆமை திறப்பின் வழியே தப்பிவிடும். இந்தியாவும் மலேசியா, தாய்லாந்து, பாகிஸ்தானும் தொடுத்த வழக்கில், நோக்கம் ஏற்கத்தக்கது, செயல்படுத்திய விதம் பாரபட்சமானது என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 1998-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஆமைப் பாதுகாப்புக்கு நாடு முழுவதற்கும் சான்று என்ற அடிப்படை நீடித்தது; சான்று இழந்த இந்தியாவின் விசைப்படகு இறாலுக்கு அச்சந்தை சில ஆண்டுகளாகவே மூடப்பட்டிருக்கிறது. பண்ணை இறாலுக்கு இத்தடை இல்லை. கையால் வலை இழுக்கும் படகுகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் நாட்டுப்படகு இறாலும் விசைப்படகு இறாலும் ஒரே ஐஸ் பெட்டியில் கலந்துவிட்டால் அந்த விலக்கு ஏட்டோடு நின்றுவிடும். தன் வலையில் மட்டும் சாதனத்தைப் பொருத்தும் இராமேஸ்வரத்துப் படகுக்காரருக்கு அதனால் கூடுதல் விலை கிடைக்க வழியில்லை என்பதே இம்முறையின் பெரிய அநீதி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகையானது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், காபி, ரப்பர் முதலியவற்றை அது ஏற்காது. தோட்டம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் புவியிட ஆயத்தொலைவுகளையும் கேட்கிறது. உலகப் பாமாயிலில் 80 சதவீதத்துக்கு மேல் தரும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பெருந்தோட்டங்களுக்கு இது எளிது. சிறு விவசாயிக்கோ, பறித்த எண்ணெய்ப்பனைக் குலை ஒரு நாளுக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பதால், இடைத்தரகரின் லாரியில் பல தோட்டத்துக் குலைகள் கலந்துவிடுகின்றன. நடைமுறைத் தேதி இருமுறை தள்ளிப்போனதற்கு இத்தகைய ஆயத்தக் குறைகளும் காரணம்.

இன்னொரு ஓட்டை இதைவிடக் கவலைக்குரியது. சான்றுள்ள எண்ணெய் ஐரோப்பாவுக்கும், சான்றில்லாதது கேள்வி கேட்காத சந்தைக்கும் போகலாம். பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா, அது நம் ரேஷன் கடை வரை வருகிறது. காடு அப்போதும் அழியும். நாடு முழுவதற்குமான தடையில் இந்த ஓட்டை குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தும் நான் சரக்குச் சான்றின் பக்கம் நிற்பதற்குக் காரணம், ஒழுங்காகத் தொழில் செய்பவரை அது தனியே அடையாளம் காண்பதுதான். ஐரோப்பாவுக்குப் போகும் கடல்மீனுக்கு 2010 முதலே, எந்தப் படகு பிடித்தது என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் தேவைப்படுவதால், இவ்வகைப் பதிவு ஏற்றுமதியாளர்களுக்குப் புதிதன்று. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு உள்ளபடி கடைப்பிடிக்கப்பட்டால், இரு வகை இறாலும் கரை சேரும் நாளாலேயே பிரிந்துவிடும். பெட்டியில் தேதியும் படகின் பதிவு எண்ணும் எழுதி, அந்தச் செலவைக் கொள்முதல் செய்யும் கம்பெனி ஏற்றால் போதும்.