எல்டிஓ டேப் டிரைவுக்கு மலிவான கார்டு: 2008, 2308, 3008, ஃபைபர் எதை வாங்கலாம்?

காந்த நாடாவில் தரவை எழுதி வைக்கும் பழைய எல்டிஓ-5 டிரைவ் ஒன்றை நல்ல விலைக்குப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒரு கேள்வி வரும்: இதை எங்கே செருகுவது? சாதாரண டிஸ்க்குகளைச் செருகும் மதர்போர்டின் சாட்டா போர்ட் உதவாது. இந்த டிரைவ்களில் பெரும்பாலும் இருப்பது சர்வர்களில் புழங்கும் சாஸ் இணைப்பு. சாட்டா டிஸ்க்கை சாஸ் கார்டு ஏற்றுக்கொள்ளும், ஆனால் சாஸ் டிரைவை சாட்டா போர்ட் ஏற்காது. தனிக் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நான் முதலில் வாங்கியது ஒரு ரெய்டு கார்டு. கேபிள் பொருந்தியது, டிரைவில் விளக்கும் எரிந்தது. லினக்ஸ் கெர்னலின் செய்திகளில் மட்டும் டேப்பின் பெயரே வரவில்லை. ரெய்டு கார்டுகளில் பல, டிஸ்க்குகளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு தொகுப்பாக மட்டுமே சிஸ்டத்துக்குக் காட்டும். டேப்பை அப்படியே கடத்திவிடச் சில கார்டுகளுக்குத்தான் தெரியும். இரண்டு நாள் கேபிளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் ரெய்டு கார்டை ஒதுக்கிவிடுங்கள். நமக்கு வேண்டியது எச்பிஏ எனப்படும் வெறும் கடத்திக் கார்டு. அதற்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர், ரெய்டு வேலை செய்யாமல் டிரைவை அப்படியே காட்டும் ஐடி வகையாக இருக்கட்டும்.

அடுத்து வேகம். இங்கேதான் பலர் வீணாகப் பணம் விடுகிறார்கள். எல்டிஓ-5 சுருக்கமில்லாத தரவை நொடிக்கு 140 மெகாபைட் எழுதும், எல்டிஓ-6 160 மெகாபைட். 6 ஜிகாபிட் சாஸின் ஒரே ஒரு தடம் நொடிக்குச் சுமார் 600 மெகாபைட் கடத்தும். மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 ஸ்லாட்டின் ஒரு தடமே ஏறத்தாழ 500 மெகாபைட். எட்டுத் தடக் கார்டை நான்கு தடம் மட்டுமே ஓடும் ஸ்லாட்டில் போட்டாலும் டேப்புக்கு எந்தக் குறையும் வராது. டேப் நின்று, பின்னால் ஓடி, மறுபடி முன்னால் வந்து எழுதுகிறதா? கார்டைக் குறை சொல்லாதீர்கள். தரவைக் கொடுக்கும் டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இது கட்டாயம் நடக்கும். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். நினைவகத்தில் பெரிய பஃபர் வைத்து எழுதுவதுதான் இதற்கு மருந்து.

சரி, எந்தக் கார்டு?

மிக மலிவாகக் கிடைப்பவை எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2008 சிப் கொண்டவை: எல்எஸ்ஐ 9200-8இ, டெல் பெயரில் வந்த 6 ஜிகாபிட் சாஸ் எச்பிஏ, எச்பியின் எஸ்சி08இ. சர்வர்களிலிருந்து கழற்றியவை சந்தையில் நிறைய உண்டு. டெபியன் போன்றவற்றில் செருகியதும் ஓடும். ஆனால் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே இந்தச் சிப்புக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்து லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வெளியிலிருந்து டிரைவர் தேட வேண்டியிருக்கும். இதன் டெல் வகைக் கார்டுகள் சிலவற்றைச் சாதாரண மதர்போர்டில் போட்டால் கம்ப்யூட்டர் எழவே எழாது. பிசிஐ விளிம்பில் பி5, பி6 என்ற இரண்டு முனைகளை ஒட்டுநாடாவால் மூடினால் எழுந்துவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பலர் செய்து வெற்றி கண்ட வழி அது.

ஒரு படி மேலே சாஸ்2308. எல்எஸ்ஐ 9207-8இ, எச்பி எச்221 இரண்டும் இந்தச் சிப்தான். அதே 6 ஜிகாபிட், கேபிள் செருகும் வாயும் அதே எஸ்எஃப்எஃப்-8088 வகை. ரெட் ஹாட் 8 இதைக் கைவிடவில்லை. 2008-க்கும் இதற்கும் விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் யோசிக்காமல் இதையே எடுங்கள். என் டிரைவ் இப்போது இதில்தான் ஓடுகிறது.

சாஸ்3008 சிப்பில் வந்த 9300-8இ 12 ஜிகாபிட். எல்டிஓ-5, 6 வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் வேகத்தால் ஒரு பயனும் இல்லை. வாயும் எஸ்எஃப்எஃப்-8644 ஆகிவிடுவதால் கேபிளும் மாறும். பின்னால் எல்டிஓ-9-க்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

சாஸுக்குப் பதிலாக ஒளியிழை வழியாகத் தரவைக் கடத்தும் ஃபைபர் சேனல் கதை வேறு. கேட்பார் குறைவு என்பதால் ஃபைபர் வாய் உள்ள டிரைவ்கள் சாஸ் டிரைவ்களைவிட மலிவாக மாட்டுவதுண்டு. க்யூலாஜிக் க்யூஎல்இ2560 போன்ற 8 ஜிகாபிட் கார்டும் விலை குறைவு. எல்சி முனை கொண்ட மல்டிமோட் ஃபைபர் கேபிள் ஒன்று போதும். ஸ்விட்ச் வேண்டாம், நேராகவே இணைக்கலாம். லினக்ஸில் இதற்கான ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆபத்து டிரைவின் பக்கம் இருக்கிறது. இவற்றில் பல, டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் டேப் லைப்ரரி இயந்திரங்களிலிருந்து பிடுங்கியவை. வழக்கமான மின் இணைப்பு இருக்காது, கேட்ரிட்ஜை வெளியேற்றும் பொத்தான்கூடச் சிலவற்றில் இருக்காது. தனியாக வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே காசை நீட்டுங்கள்.

எந்தச் சாஸ் கார்டானாலும் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'இ' என்றால் வாய் கேபினெட்டுக்கு வெளியே, 'ஐ' என்றால் உள்ளே. பெட்டிக்குள் பொருத்தும் டிரைவுக்கு 9207-8ஐ போன்றது வேண்டும், அதோடு கார்டின் எஸ்எஃப்எஃப்-8087 வாயிலிருந்து டிரைவின் எஸ்எஃப்எஃப்-8482 வாய்க்குப் போகும் கேபிளும். நான்காகப் பிரியும் சாட்டா கேபிளை வாங்கிவிடாதீர்கள், அது சாஸ் டிரைவில் நுழையவே நுழையாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் கேபிள்களுக்கு அப்படியே பொருந்தும். கார்டின் விலையைக் கேட்கும்போதே கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்எஸ்ஐ பெயரில் போலிகளும் உலவுகின்றன. அதனால் மின்னும் புதுக் கார்டைவிட, டெல், எச்பி சர்வரிலிருந்து கழற்றிய தூசி படிந்த கார்டையே நான் நம்புவேன். வாங்கி வந்ததும் சூட்டைக் கவனியுங்கள். சர்வரின் பலத்த காற்றோட்டத்தை எண்ணிச் செய்த கார்டு இது. வீட்டு கேபினெட்டில் அதன் ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை அதன் மேல் கட்டிவிட்ட பிறகு முதல் டேப்பைப் போடுங்கள்.