கடற்கரைக் காருக்கு எந்த புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா, முழு ஆர்மா?

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில், திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறி இறங்கினேன். முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மா, "என்ன வாப்பா, டிக்கியில ஏதும் உருளுதா?" என்று கேட்டார்கள். டிக்கி காலி. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் இழுப்பதும், அந்தப் பக்க டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருப்பதும் அதற்குப் பிறகுதான் கவனத்துக்கு வந்தது. வண்டி சின்ன ஹேட்ச்பேக், 11 வருடம் ஓடியது.

மெக்கானிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைக்கும் லோயர் ஆர்முக்கு நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் சட்டத்தோடு சேரும் மூட்டில் அடியை வாங்கிக்கொள்ள இருக்கும் ரப்பர் திண்டுதான் புஷ்; ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ் வாயைத் திறந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் நடுவிலிருந்து விலகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வாய் பிளந்த இடத்தை டார்ச் வைத்துப் பார்த்தேன். ரப்பர் அப்படியொன்றும் இற்றுப்போகவில்லை. விரலால் அழுத்தினால் கொடுத்தது. அது ஒட்டியிருந்த இரும்பில்தான் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. ரப்பர் கிழியவில்லை, இரும்பை விட்டுப் பெயர்ந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்த அந்தச் செதில்தான் நான் எதை வாங்கினேன் என்பதை முடிவு செய்தது. புஷ் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ரப்பர் மெதுவா கடினமா என்றே பேசுகிறார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ அது சரி. நம் கரையில் முதலில் தோற்பது இரும்பு.

இங்கே ஓடும் கார் எதில் குளிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாம்பன் ரோடு பாலம் 1988-ல் திறந்தது; இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம்; இரண்டு பக்கமும் கடல். வாடைக் காற்று காலத்தில் அதன் மேல் ஐந்து நிமிடம் காரை நிறுத்தினால் கண்ணாடியில் உப்புப் படலம் விழும். மண்டபத்திலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் கிளம்பும் மீன் வண்டிகள் ஐஸ் உருகிய தண்ணீரை ரோடு முழுக்க ஒழுகவிட்டுக்கொண்டே போகும். பின்னால் போகும் நம் வண்டியின் அடிப்பாகம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். தனுஷ்கோடியில் 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்ததிலிருந்து எல்லாரும் சொந்த வண்டியிலேயே போகிறோம். காற்றடித்தால் அந்த ரோட்டின் மேல் மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். உப்பு, ஈரம், மணல் மூன்றும் சேர்ந்த இடத்தில் எந்த புஷ் நிற்கும் என்பதுதான் கேள்வி.

ரப்பர் புஷ்: கம்பெனி போட்டு அனுப்பியது

வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே போல்ட் நுழைய ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்ட வைத்தே வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. எதன் மேலும் எதுவும் வழுக்குவதில்லை, உராய்வதில்லை. அதனால் கிரீஸ் வேண்டாம், சத்தம் வராது, மணல் நுழைய இடுக்கும் கிடையாது. இந்த மூன்றாவது குணத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நமக்கு அதுதான் பெரிது.

இன்னொன்றும் உண்டு. பல சின்ன கார்களில் லோயர் ஆர்ம் 'எல்' வடிவத்தில் இருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது அது ஒரு நூல் பின்னால் போய் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே பின்பக்கப் பெரிய புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதைக் கிழிசல் என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் புது புஷ் இறக்கும்போது அந்த வெற்றிடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் குறித்து வைத்து அப்படியே இறக்க வேண்டும். 90 டிகிரி மாறினால் மெதுவாக இருக்க வேண்டிய திசை விறைப்பாகிவிடும்.

ரப்பரின் பலவீனம் எண்ணெய். இங்கே நாமே தேடிப்போய் அந்தப் பகையைக் கூட்டி வருகிறோம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிக்கச் சொல்வது நம் ஊரில் பழக்கம். இரும்புக்கு அது கொஞ்சம் பாதுகாப்புதான். ஆனால் ரப்பர் அதைக் குடித்து உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். ஸ்பிரே அடிக்கிறவரிடம் புஷ்ஷையும் மூட்டுகளின் ரப்பர் உறைகளையும் விட்டு அடிக்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டார் என்றால் அடிக்கவே வேண்டாம்.

புஷ் மட்டும் அடிப்பதா, ஆர்மையே மாற்றுவதா?

செலவில் பெரிய வித்தியாசம் இருப்பதால் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். புஷ் மட்டும் வாங்கி, பழைய ஆர்மில் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) வைத்து இறக்கினால் செலவு மிகக் குறைவு. ஆர்ம் நல்ல நிலையில் இருந்தால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன். கடலை விட்டுத் தள்ளி, துரு பிடிக்காத ஊரில் ஓடிய கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

நம் பக்கம் நடப்பது வேறு. புஷ்ஷின் வெளி வளையம் ஆர்மின் கண்ணுக்குள் (புஷ் உட்காரும் துளைக்குள்) துருவால் வெல்டு வைத்தது போலப் பிடித்திருக்கும். பிரஸ்ஸில் அழுத்தினால் வளையம் வராமல் ஆர்மின் கண் நெளியும். சில இடங்களில் ரப்பரைக் கொளுத்தி எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடால் வளையத்தை அறுத்து, உளி வைத்துத் தட்டி எடுப்பார்கள். பிளேடு ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் ஆர்மின் கண்ணிலேயே வெட்டு விழும். கண் கொஞ்சம் அகன்றுவிட்டால் புது புஷ் கையால் தள்ளினாலே போய் உட்காரும். பிரஸ்ஸுக்கு வேலையே இல்லாமல் புஷ் உள்ளே போனால் அந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது ஆறு மாதத்தில் திரும்பவும் சத்தம் போடும்.

அதோடு, சின்ன கார்களின் ஆர்ம் பெரும்பாலும் இரண்டு தகடுகளை அழுத்திச் சேர்த்து வெல்டு வைத்தது. அந்த மடிப்புக்குள் உப்புத் தண்ணீர் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும். காக்கா ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஆர்மைத் தட்டிப் பார்த்தார். வலது பக்கம் 'டங்' என்று சுத்தமாகக் கேட்டது. இடது பக்கம் பின் வளைவில் மட்டும் மந்தமாக ஒரு சத்தம். தட்டியதும் மடிப்பின் இடுக்கிலிருந்து செம்பொடி கொட்டியது. "தம்பி, இதுல புது புஷ் அடிச்சா செத்த மரத்துக்குத் தண்ணி ஊத்துன மாதிரி" என்றார்.

முழு ஆர்ம் எடுத்தால் இரண்டு புஷ்ஷும் தொழிற்சாலையிலேயே நேராக இறக்கப்பட்டு வருகின்றன. பல கார்களில் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும் ஆர்மோடு சேர்ந்தே வரும். 11 வருடப் பழைய பால் ஜாயின்ட்டுக்கும் அப்படியே விடை கொடுத்துவிடலாம். பிரஸ் கூலி இல்லை, வேலையும் அரை நாளில் முடியும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விலை வித்தியாசம் முதலில் தோன்றிய அளவுக்கு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கடையில் பாதி விலைக்கு ஒரு ஆர்ம் எடுத்துக் காட்டுவார்கள். பெயின்ட் பளபளக்கும். ஆனால் ரப்பர் எப்படி ஒட்டியிருக்கிறது, பால் ஜாயின்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் படுத்துவிடும். அந்த இடத்தில் மிச்சம் பிடிக்க நான் தயாரில்லை.

பாலியூரித்தேன்

சிவப்பு, மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கும். ரப்பரைவிடக் கடினம். வளைவில் திருப்பினால் கார் உடனே கேட்கும், பிரேக்கில் மூக்கு ஆடாது. எண்ணெய் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நம் ஊர் ஸ்பிரே பழக்கத்துக்கு இதுதான் பொருத்தம் என்றுகூடத் தோன்றும். மலை ரோட்டில் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல சரக்கு, அதை மறுக்கவில்லை.

ஆனால் இது இரும்போடு ஒட்டி வருவதில்லை. உள் குழாய் இதற்குள் சுழல வேண்டும். சுழல்வதென்றால் இடுக்கு வேண்டும், கிரீஸ் வேண்டும். அதுவும் சிலிகான் கிரீஸ். பாம்பனில் இருக்கும் மச்சான் தன் காருக்கு இதைத்தான் போட்டான். முதல் இரண்டு மாதம் புகழாத நாளில்லை. வாரம் ஒருமுறை தனுஷ்கோடி போய்வருகிறவன். அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய மரக்கதவு திறப்பது போல 'கிரீச்' என்று சத்தம். கழற்றிப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். கிரீஸும் அரிச்சல்முனை மணலும் கலந்து, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் சாம்பல் நிறக் களிம்பாகியிருந்தது. உள் குழாயில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டினோம். மூன்று மாதத்தில் திரும்பவும் சத்தம்.

இன்னொரு விஷயம், வாங்குகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியது. பாலியூரித்தேனில் பாலியஸ்டர் வகை, பாலிஈதர் வகை என்று இரண்டு உண்டு. பாலியஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தண்ணீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவை இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்துப் போட்டால் அடிப்பாகம் மாவாக உதிருமே, அதே காரணம்தான். பாலிஈதர் வகைக்கு இந்தக் குறை மிகக் குறைவு. கடலோரத்துக்குக் கட்டாயம் அதுதான் வேண்டும். நான் விசாரித்த கடையில் எது என்ன வகை என்று சொல்ல ஆளில்லை. வகை தெரியாமல் வாங்கக் கூடாத பொருள் இது.

அது கடினமாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ரப்பர் விழுங்கும் அடியை இது விழுங்காது. பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றிலும் அந்த அடி ஆர்மைத் தாங்கும் சப்ஃபிரேம் சட்டத்துக்கும் பாடிக்கும் போகும். அங்கேயும் இருப்பது பத்து வருடம் உப்பு தின்ற வெல்டுதான். உம்மாவின் முதுகைப் பற்றியும் நான் யோசிக்க வேண்டியிருந்தது. வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷுக்கு மட்டும் இதை ஒத்துக்கொள்வேன். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையில் வந்துவிடும், துடைத்து கிரீஸ் வைப்பது பத்து நிமிட வேலை.

லேத்தில் கடைந்த நைலான் புஷ்

வாடகை வண்டிக்காரர்கள் சிலர் சொல்வார்கள்: நைலான் ராடு வாங்கி லேத்தில் கடைந்து போட்டால் ஆயுளுக்கும் தேயாது என்று. தேயாது என்பது பாதி உண்மை. ஆனால் நைலான் வளைந்து கொடுக்காது, அதோடு ஈரத்தை உறிஞ்சிப் பருத்து உள் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் அசைய வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றால் போல்ட்டும் பிராக்கெட்டும்தான் முறியும். வேண்டாம்.

எதை வாங்கினாலும் கெடுத்துவிடும் ஒரு தவறு

ஆர்மை மாட்டிவிட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்குவதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். ரப்பர் புஷ்ஷுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் உள் குழாய் பூட்டிக்கொள்கிறது. காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் சும்மா நிற்கும்போதே முறுக்கிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுக்கும். பல வருடம் வர வேண்டிய புஷ் சில மாதத்தில் கிழிவதற்கு இது ஒன்றே போதும். கையளவு இறுக்கி, காரைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கி விட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முழு இறுக்கம். பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வையுங்கள். புஷ் இறக்கும்போது கிரீஸ் தடவ வந்தால் தடுத்து, சோப்புத் தண்ணீர் கொடுங்கள்.

நான் இரண்டு பக்கமும் கம்பெனி ஆர்ம் எடுத்தேன். இடது பக்கப் பின் போல்ட் உள் குழாயோடு சேர்ந்து துருவில் ஒன்றாகிவிட்டதால், போல்ட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து சுழன்றது. இரண்டு நாள் துரு இளக்கும் ஸ்பிரே அடித்தும் மசியவில்லை. கட்டிங் வீல் வைத்துத்தான் அறுத்தார்கள். அதனால் புது போல்ட்டும் நட்டும் ஆர்மோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அறுத்த பிறகு ராமநாதபுரத்துக்கு ஆள் அனுப்பினால் அன்றைய பொழுது போய்விடும். குழாய்க்குள் இருக்கும் போல்ட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியில் மட்டும் மெல்லிசாகத் துரு தடுக்கும் பசை தடவி மாட்டினோம். மரையில் படவில்லை, பட்டால் இறுக்கக் கணக்கு மாறிவிடும். முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்த்தோம்.

மூன்று வாரம் கழித்து உம்மாவோடு பாம்பன் பாலம் தாண்டிப் போனேன். ஒவ்வொரு இணைப்பிலும் டயரின் மெத்தென்ற சத்தம் மட்டும்தான். இப்போது தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன், ஸ்பிரே இல்லாமல். பின் ஆக்ஸிலின் புஷ் இரண்டும் இன்னும் பழையவைதான். அதை இறக்க ஆக்ஸிலையே இறக்க வேண்டும் என்கிறார் காக்கா. பருவமழை முடிந்ததும் அந்த வேலை இருக்கிறது.